சட்டையைக் கழற்றக் கூசுகிறது… ‘டெஸ்ட்’ ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. உயரம் 174 செ.மீ., எடை 68 கிலோ. ஆண்களை விரும்புபவன். என் நெருங்கிய நண்பர்கள் நான்கு பேரும் கேதான். எல்லாரும் ஒரே ஜிம்முக்குப் போகிறோம். அவர்கள் உடம்பெல்லாம் செதுக்கி வைத்தது மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் 14 வயதிலிருந்து மார்பு உப்பலாக இருக்கிறது. அதை வைத்து ஒரு பட்டப்பெயரும் உண்டு. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, வாரம் முழுக்கப் பயிற்சி செய்து இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். மார்பு மட்டும் அப்படியே இருக்கிறது. “எனக்கு நீ இப்படியே பிடிக்கும்” என்கிறான் காதலன். நம்ப முடியவில்லை. விளக்கை அணைத்தால்தான் சட்டையைக் கழற்றுவேன். இப்போது விறைப்பும் சரியாக வருவதில்லை. 12 வாரம் ‘டெஸ்ட்’, அதாவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன் ஒருவன், அவன் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் தினமும் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பிரெப் மாத்திரையும், தசைக்காகக் கிரியேட்டின் பவுடரும் எடுக்கிறேன். ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். பொதுவான பயமுறுத்தலாக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எதைக் கரைக்க நினைக்கிறீர்களோ அதையே வளர்க்கக்கூடிய ஊசி இது. உடம்பில் அளவுக்கு மீறிச் சேரும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை, கொழுப்புத் திசுவிலும் பிற இடங்களிலும் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி எஸ்ட்ராடயோலாக மாற்றிவிடும். பெண்களுக்கு மார்பகத்தை வளர்க்கும் ஹார்மோன் அதுதான். ஆணின் காம்புக்குக் கீழே இருக்கும் சுரப்பித் திசுவும் அதற்குக் கட்டுப்படும். ஏற்கெனவே அங்கே சுரப்பி இருந்தால் ஊசிக்குப் பிறகு அது பெருக்கவே வாய்ப்பு அதிகம். “அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறது, சேர்த்துப் போட்டுக்கொள்” என்று நண்பர் சொல்லக்கூடும். எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்பதை ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஊகித்து, ஊசியோடு சேர்த்துச் சில வாரம் போட்டு நிறுத்துவதற்கு ஜிம்மில் வைத்த பெயர்தான் ‘சைக்கிள்’.

அளவைக் கவனியுங்கள். ஆரோக்கியமான ஆணின் உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். ஜிம் சைக்கிளில் வாரத்துக்கு 500 மில்லிகிராம் என்பது சாதாரணப் பேச்சு. இவ்வளவு வெளியிலிருந்து வரும்போது, விதைகளுக்கு “வேலை செய்” என்று உத்தரவிடும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் மூளையடிச் சுரப்பி நிறுத்திவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை விழும். ரத்தத்தில் சிவப்பணு அடர்த்தி ஏறும்; ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறையும், ரத்த அழுத்தம் கூடும்.

இவையெல்லாம் சைக்கிள் ஓடும்போது. சிக்கலே அது முடிந்த பிறகுதான். வெளி ஊசி நின்றுவிட்டது, உள்ளே உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளி பல மாதம் நீளலாம், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். அப்போது தசை கரையும், மனம் சோரும், விறைப்பு வராது, ஆசையே இருக்காது. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் இரண்டாவது சைக்கிளைத் தொடங்குகிறார்கள். விறைப்புக் குறையோடு நிற்கும் உங்களுக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள்.

இனி மார்பு. அங்கே இருப்பது கொழுப்பா சுரப்பியா என்று தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது. மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்குக் கீழே வையுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் மார்பின் இரு ஓரத்தில் வைத்து, மெல்ல அழுத்தியபடி காம்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் போன்ற வட்டத் தகடு ஒன்று விரலைத் தடுத்தால் அது சுரப்பி. தடையே இல்லாமல் விரல்கள் காம்புவரை வந்தால் கொழுப்பு. 9 கிலோ குறைந்தும் மார்பு மாறவில்லை என்கிறீர்கள். சுரப்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொழுப்பாக இருந்திருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கும். இத்தனை நாள் பட்டினி உங்கள் மார்பைக் குறைக்காததற்குக் காரணம் உங்கள் மன உறுதிக் குறைவு அல்ல. சுரப்பித் திசு உணவுக் கட்டுப்பாட்டுக்குக் கரையாது.

பருவ வயதில் பல பையன்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே மறையும். மறையாமல் ஒரு வருடத்துக்கு மேல் நின்றது நார்த்திசுவாக இறுகிவிடும். பிறகு மாத்திரைக்குப் பெரிய பலன் இல்லை, அறுவை சிகிச்சைதான் வழி. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி, சுரப்பியை எடுத்து, சுற்றியுள்ள கொழுப்பை உறிஞ்சுவார்கள். அதன்பின் சில வாரம் இறுக்கமான உள்ளாடை போட வேண்டும். ரத்தம் கட்டுவது, காம்பு மரத்துப்போவது, அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் அந்த இடம் குழிவிழுவது ஆகியவை இதன் பின்விளைவுகள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நல்ல சிகிச்சைதான். ஆனால் எடை ஆறு மாதமாவது நிலையாக இருந்த பிறகு, கீழே நான் எழுதும் மற்ற விஷயத்தைக் கவனித்த பிறகு முடிவெடுங்கள்.

அதற்கு முன் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். அவர் மார்போடு விதைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் விதையில் வரும் சில கட்டிகள் முதலில் மார்பு வீக்கமாகத் தலைகாட்டும். விதைகள் மிகச் சிறியவையாக, கெட்டியாக இருந்தால் வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். ஸ்பைரனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு, ரிஸ்பெரிடோன் போன்றவற்றாலும் மார்பு பெருக்கும். ஒரு பக்கம் மட்டும் கல்லாகக் கெட்டிப்படுதல், காம்பிலிருந்து ரத்தம் கசிதல், தோல் உள்ளிழுத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

விறைப்புக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் 9 கிலோ என்பது வேகமான இறக்கம். உள்ளே வருவது குறைந்து, பயிற்சியில் செலவாவது கூடும்போது, இனப்பெருக்கத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்று மூளை முடிவெடுக்கும், டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். குளிர் அதிகம் உறைப்பது, தூக்கம் கெடுவது, எரிச்சல், ஆசைக் குறைவு எல்லாம் அதோடு சேர்ந்து வரும். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். அது வழக்கம்போல இருந்து, காதலனோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால் பதற்றம்தான் முக்கியக் காரணம். காலையிலும் இல்லை என்றால் உடம்பின் பட்டினியைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கலாம்.

கணக்கு எளிது. கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு 30 கிலோகலோரி, அதோடு பயிற்சியில் செலவாவது. இதற்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கலாம். உங்களுக்கு அந்த எடை ஏறத்தாழ 56 கிலோ இருக்கும். 1,680, பயிற்சிக்கு ஒரு 450 சேர்த்தால் 2,130. அது அடிமட்டம், இலக்கு அல்ல; 2,500க்கு மேல் போங்கள். முதலில் இரவு உணவை மீட்டுக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது நாளுக்குச் சுமார் 110 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. அதற்கு மேல் பவுடரைக் கரைத்துக் குடிப்பதால் தசை கூடுதலாக வளரப் போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஜிம் கிடையாது. மயக்கம், படபடப்பு, சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம், பேதி மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே இ.சி.ஜி.யும் ரத்தப் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

விறைப்புக்காகக் கடையில் சில்டெனாஃபில் (வயாகரா) வாங்கலாம் என்று தோன்றினால் ஒரு எச்சரிக்கை: பாப்பர்ஸ் என்ற நைட்ரைட் திரவத்தை முகரும் பழக்கம் உங்கள் வட்டத்தில் இருந்தால், இந்த இரண்டும் சேரவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பிரெப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதிலுள்ள டெனோஃபோவிர் என்ற மருந்துக்காகச் சிறுநீரகத்தைக் கண்காணிக்க, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள். கிரியேட்டின் பவுடர் சாப்பிட்டால், முந்தின நாள் கனமான எடை தூக்கியிருந்தால், தசை அதிகம் இருந்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் அந்த எண் ஏறிக் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து பிரெப்பை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நீங்கள் நிறுத்த வேண்டாம். பவுடர் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். கல்லீரல் பரிசோதனையிலும் இதே குழப்பம் வரும். அதில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் கசியும், ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் சில நாள் எடை தூக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு மட்டும் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள் ரத்தம் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி விளக்கைப் பற்றியது. பெண்ணை விரும்பும் ஆண், தன் மார்பைக் காதலியின் மார்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. உங்களுக்கோ ஆசையைத் தூண்டுவதும் ஆண் உடம்பு, கண்ணாடியில் நிற்பதும் ஆண் உடம்பு. “இவன் எவ்வளவு அழகு” என்பது அரை நொடியில் “நான் எவ்வளவு மோசம்” என்று புரண்டுவிடும். நண்பர்கள், காதலன், டேட்டிங் ஆப்பில் தலையில்லாத நெஞ்சுகள் என்று எல்லாப் பக்கமும் அளவுகோல்தான். ஆண்களை விரும்பும் ஆண்களிடையே உணவுக் கோளாறுகள் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஜிம்மில் தலைக்கு மேல் எரியும் விளக்கு வேறு, தசைக் கோட்டையும் ஆழமாக்கிக் காட்டும், உங்கள் உப்பலின் நிழலையும் நீட்டிக் காட்டும். பயிற்சி முடித்த கையோடு எடுக்கும் செல்ஃபியில் இருப்பது ரத்தம் ஏறிய தசை. சற்று நேரத்தில் அது வடிந்துவிடும்.

மார்பைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறதா? கண்ணாடி, கையால் கிள்ளிப் பார்த்தல், தளர்ந்த சட்டை, நிகழ்ச்சிகளைத் தவிர்த்தல் என்று நாள் அதைச் சுற்றியே ஓடுகிறதா? ஆம் என்றால் உடல் உருக் கோளாறு இருக்கலாம். ‘போதுமான தசை இல்லை’ என்ற வடிவமும் அதன் கீழ்தான் வருகிறது. அது இருக்கும்போது அறுவை சிகிச்சை செய்தால் மார்பு சரியாகி, கவலை வயிற்றுக்கோ மூக்குக்கோ இடம் மாறக்கூடும். அதனால்தான் அறுவையைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கும் தரப்படும் ஃப்ளூவாக்சடின் வகை மருந்தும் இதற்கு நன்றாக வேலை செய்யும். மருந்தின் பலன் தெரிய 12 வாரம் பொறுக்க வேண்டும். விந்து வெளியேறத் தாமதமாகலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே புதுக் கவலையாகும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் விருப்பத்தையே மாற்றித் தருகிறேன் என்று எவராவது தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 1990இலேயே உலகச் சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கண்ணாடி முன் நின்றால் இரண்டடி தள்ளி, முழு உருவத்தையும் பாருங்கள், கிள்ளுவது கூடாது. காதலனிடம் “நான் நன்றாக இருக்கிறேனா” என்று திரும்பத் திரும்பக் கேட்பது அரை மணி நேர நிம்மதி தரும், பிறகு கேள்வி பெரிதாகும். இரண்டாம் முறை கேட்டால் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றச் சொல்லி அவரிடம் முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கைப் படிப்படியாக எடுத்து வையுங்கள். முதல் வாரம் மங்கலான வெளிச்சத்தில், சட்டைப் பொத்தான்களைத் திறந்து, இருபது நிமிடம் சும்மா ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு கிடப்பது. உறுப்புகளைத் தொடக் கூடாது, உறவும் கிடையாது. கவனம் தோலில் படும் சூட்டில், அழுத்தத்தில் இருக்கட்டும். பதற்றம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருந்துவிட்டு, அடுத்த வாரம் சட்டை இல்லாமல், அதன் பிறகு நல்ல வெளிச்சத்தில். “வர வேண்டும்” என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் விறைப்பும் திரும்பத் தொடங்கும்.

நண்பர்களை விட்டு விலகுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒளிக்காமல் இருக்கக் கிடைத்த நாலு பேர் அவர்கள். மிக நெருக்கமானவரிடம் முதலில் தனியாக, ஒரே வரியில்: “அந்தப் பேர் எனக்கு வலிக்குது, விட்டுடு.” காரணம், விளக்கம், சிரிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம், சிரித்தால் அதுவும் விளையாட்டாகிவிடும். வாரத்தில் ஒரு சந்திப்பாவது ஜிம்முக்கு வெளியே இருக்கட்டும்.

ஊசி போடும் நண்பரைத் திட்டுவதால் பயன் இல்லை. அவருக்கும் உங்கள் கவலையே வேறு உருவத்தில் இருக்கக்கூடும். நிறுத்தச் சம்மதிக்காவிட்டாலும் இவற்றையாவது செய்யச் சொல்லுங்கள்: ஊசியையோ மருந்துக் குப்பியையோ யாரோடும் பகிரக் கூடாது, ஏனென்றால் ரத்தம் வழி பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைட்டிஸ் சி-யைப் பிரெப் தடுக்காது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாரா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், ஹெமட்டோக்ரிட், கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றை இப்போதே ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். நிறுத்தும்போது தானாக நிறுத்தாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தட்டும். அந்த வெற்று மாதங்களில் மனச்சோர்வு கடுமையாக வரலாம் என்பதைக் கூட இருக்கும் நீங்கள் நாலு பேரும் தெரிந்து வைத்திருங்கள்.