வாசகர் கேள்வி: மண்டையோட்டுக் கொடிக்கு ஏன் இவ்ளோ ஃபேன்ஸ்?

கேள்வி: சினிமால காட்டுற மாதிரி கடல் கொள்ளைக்காரங்க நிஜமாவே தீவுல புதையலை புதைச்சிட்டு மேப் போட்டு வெச்சாங்களா சார்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: மேப்பெல்லாம் கிடையாது தம்பி, அது 1883ல புஸ்தகமா வந்த ஸ்டீவன்சனோட 'ட்ரெஷர் ஐலண்ட்' பண்ணிவிட்ட வேலை. இவனுங்க கையில காசு எங்க தங்குச்சு, கரை ஏறினதும் சாராயக் கடையிலயும் சூதாட்டத்துலயும் போயிடும். அதோட பிடிச்ச கப்பல்ல பாதிக்கு மேல துணி, சர்க்கரை, கயிறு, பாய்மரத் துணினு இந்த மாதிரி சரக்குதான் இருக்கும், அதை குழி தோண்டி என்னத்தை புதைக்கிறது. பெரிய ரவுடினு பேர் வாங்கின பிளாக்பியர்டே 1718 மே மாசம் அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறிச்சு, ஊர் பெரிய மனுஷங்களை பிணையா பிடிச்சு வெச்சுக்கிட்டு கேட்டது என்னன்னா ஒரு பெட்டி மருந்து!

நிஜமா புதைச்ச ஒரே பெரிய ஆளுன்னா கேப்டன் கிட். இந்தக் கதையில நம்ம பக்கமும் வருது. கொள்ளைக்காரங்களைப் பிடிக்கணும்னு இங்கிலாந்து பிரபுக்கள் பணம் போட்டு அனுப்பின ஆளு அவரு, ஆனா போன இடத்துல ஒண்ணும் சிக்கல, ஆளுங்க முறைக்க ஆரம்பிச்சுட்டாங்க, கடைசியில 1698 ஜனவரில மலபார் கடல்ல 'கெடா மெர்ச்சன்ட்'னு ஒரு கப்பலை மடக்கிட்டாரு. பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு எல்லாம் இருந்துச்சு, சரக்குல முகலாய தர்பார் பெரிய புள்ளிக்கும் பங்கு. அவ்ளோதான், முகலாயர் பக்கம் கோபம், சூரத்ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு வயித்துல புளி கரைச்சிடுச்சு. கிட் நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவுல கொஞ்சம் புதைச்சிட்டு பேரம் பேசலாம்னு போனாரு, கவர்னர் ஆளையும் பிடிச்சு புதைச்சதையும் தோண்டி எடுத்துட்டாரு. 1701 மே 23, லண்டன்ல தூக்கு, முதல் தடவை கயிறு அறுந்து விழுந்து மறுபடி ஏத்தினாங்க. அந்தக் கப்பல்கிட்ட பிரெஞ்சு பாஸ் (எதிரி நாடு குடுத்த அனுமதிச் சீட்டு) இருந்துச்சு, அதனால பிடிச்சேன்னு கோர்ட்ல கதறினாரு, அப்போ பாஸை காணோம்னுட்டாங்க, 200 வருஷம் கழிச்சு அரசாங்க ஆவணக் கட்டுக்குள்ளயே கிடைச்சுது. பணம் போட்ட பிரபுக்கள் யாரும் தூக்குல தொங்கல, அதையும் கவனிங்க.

கேள்வி: ஒத்தைக் கண்ணுல பட்டி, பலகையில நடக்க விட்டு கடல்ல தள்றது, 'ஆர்ர்ர்'னு உறுமுறது, இதெல்லாம்?
– கோவை வாசகி

பதில்: பட்டிக்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லைம்மா. பலகை சமாச்சாரம் 19ம் நூற்றாண்டுல எங்கயோ ஒண்ணு ரெண்டு நடந்திருக்கு, மத்தபடி கதைதான். தள்ளணும்னா நேரா தள்ளிடுவானுங்க, பலகை எதுக்கு. அந்த உறுமல் 1950ல அதே ட்ரெஷர் ஐலண்ட் படத்துல ராபர்ட் நியூட்டன்ங்கிற நடிகர் தன்னோட மேற்கு இங்கிலாந்து ஸ்லாங்கை கொஞ்சம் ஓவரா பேசினதுல வந்து ஒட்டிக்கிச்சு.

கேள்வி: தூக்குல போடுவாங்கன்னு தெரிஞ்சும் ஏன் அத்தனை பேர் போய் சேர்ந்தாங்க?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. 1713ல ஸ்பெயின் பட்டத்துக்கான சண்டை முடிஞ்சதும் பிரிட்டிஷ் நேவி ஆயிரக்கணக்குல ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. மிச்சம் இருந்தது சரக்குக் கப்பல் வேலை, அங்க கேப்டன் சாட்டையில அடிப்பான், சம்பளத்தைப் பிடிச்சு வெச்சுப்பான், புழு நெளியற பிஸ்கட் போடுவான். கொள்ளைக் கப்பல்ல என்ன ரூல்னு பாருங்க. பார்தலோமியூ ராபர்ட்ஸ், 400 கப்பலுக்கு மேல பிடிச்சவன், அவன் கப்பல்ல எல்லாருக்கும் ஓட்டு உண்டு. கேப்டனுக்கு ரெண்டு பங்கு, அவ்ளோதான், சாதா ஆளுக்கு ஒண்ணு. கை கால் போனா பொதுப் பணத்துல இருந்து 800 வெள்ளிக்காசு. ராத்திரி 8 மணிக்கு விளக்கு அணைச்சிடணும், அதுக்கு மேல குடிக்கணும்னா மேல்தளத்துல போய் இருட்டுல குடிச்சுக்கோ. காசு வெச்சு சீட்டாடக் கூடாது! அவனுக்கு முந்தின தலைமுறை கரீபியன்ல இன்னும் நுணுக்கமா ரேட் போட்டிருந்தாங்க, வலது கை போனா 600, இடது கை 500, ஒரு கண்ணுக்கு 100. இன்னிக்கு டெலிவரி ஓட்டற பசங்களுக்கு இந்த மாதிரி கிளியரா எழுதிக் குடுக்க எத்தனை கம்பெனி ரெடினு எனக்குத் தெரியல. இதைப் படிச்ச அப்புறம்தான் இவங்க மேல ஜனங்களுக்கு இருக்குற ஒட்டுதல் எனக்குப் புரிஞ்சுது, அது தங்கத்து மேல இல்ல, முதலாளியை எதிர்த்து ஒருத்தன் 'போயா'னு சொல்லிட்டுப் போனது மேல.

கேள்வி: பொம்பளைங்களும் இருந்தாங்களாமே?
– மதுரை வாசகி

பதில்: இருந்தாங்க. ஆனி பானி, மேரி ரீட். 1720ல ஜமைக்கா பக்கம் ராக்கம்னு ஒருத்தனோட கோஷ்டி பிடிபட்டப்போ ஆம்பளைங்க போதையில கீழ்த்தளத்துல பதுங்க, இவங்க ரெண்டு பேரும்தான் மேல நின்னு சண்டை போட்டாங்கன்னு 1724ல வந்த கொள்ளைக்காரங்க சரித்திர புஸ்தகம் சொல்லுது, அந்த புஸ்தகம் மசாலா தூவுறதுல கெட்டிங்கிறதால அப்படியே நம்ப வேணாம். ஆனா கோர்ட்ல ஒரு அம்மா குடுத்த சாட்சி இருக்கு, ஜாக்கெட்டும் நீள டிரவுசரும் போட்டு தலையில கைக்குட்டை கட்டிக்கிட்டு துப்பாக்கியோட நின்னாங்களாம். தண்டனை சொன்னதும் ரெண்டு பேரும் மாசமா இருக்கோம்னு சொல்லி தூக்குல இருந்து தப்பிச்சாங்க. மேரி அடுத்த வருஷம் ஜெயில்லயே செத்துட்டாங்க.

கேள்வி: கொலைகாரங்களை இப்படி ஹீரோ ஆக்கலாமா? என் பையன் சட்டை பூரா மண்டையோடு!
– சேலம் வாசகர்

பதில்: நியாயமான கோபம். 1695ல மெக்கா போயிட்டுத் திரும்பின 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலை ஹென்றி எவரி கோஷ்டி பிடிச்சு யாத்திரை போன ஜனங்களை சித்ரவதை பண்ணினாங்க, பொம்பளைங்களை சீரழிச்சாங்க. பிளாக்பியர்டோட பெரிய கப்பலே பிரெஞ்சுக்காரங்க அடிமைங்களை ஏத்திட்டு வந்த கப்பல்தான், அதைப் பிடிச்சவன் அந்த ஜனங்களை விடுதலை பண்ணிடல, பெரும்பாலானவங்களை விட்டுட்டுப் போனான், அவங்க திரும்ப அடிமையாத்தான் போனாங்க. முன்னாடி சொன்ன ஓட்டும் பங்கும் அவனுங்களுக்குள்ள மட்டும்தான்.

ஆனா பையனைத் திட்டாதீங்க, அவன் சட்டையில இருக்குறது வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோடுன்னா அது 'ஒன் பீஸ்'ங்கிற ஜப்பான் காமிக்ஸ், 1997ல இருந்து ஓடுது, ஊழல் பிடிச்ச அரசாங்கத்தை எதிர்க்கிற கொள்ளைக்காரப் பையன் கதை. 2025ல இந்தோனேசியாவுல ஜனங்க அரசாங்கத்து மேல இருந்த கோபத்துல வண்டியிலயும் வீட்டு வாசல்லயும் அந்த மண்டையோட்டுக் கொடியைக் கட்டினாங்க, அடுத்த மாசமே நேபாளத்துல போராட்டம் பண்ண பசங்க கையிலயும் அதேதான்.

கேள்வி: நீங்க அந்தக் காலத்துல இருந்திருந்தா எந்தக் கப்பல்ல சேர்ந்திருப்பீங்க?
– சென்னை வாசகர்

பதில்: ராபர்ட்ஸ் கப்பல்ல, வாத்தியக்காரனா. ஞாயித்துக்கிழமை லீவுன்னு ரூல்லயே எழுதியிருந்தாங்க. 1722ல அந்தக் கோஷ்டியில 52 பேரைத் தூக்குல போட்டப்போ கூட, வாத்தியக்காரங்க சிலர் 'எங்களை வாசிக்கச் சொல்லி பலவந்தமா இழுத்துட்டு வந்துட்டாங்க எஜமான்'னு சொல்லி தப்பிச்சுட்டாங்க.