டெஸ்ட் எல்லாம் எனக்கு மட்டும்தானா டாக்டர்?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 29 வயசு. ஒன்றரை வருஷமா குழந்தைக்கு ட்ரை பண்றோம். நாலு தடவை ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் அடைப்பு இருக்கான்னு மருந்து செலுத்தி எடுக்கற எக்ஸ்ரே வரைக்கும் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். அவர் மட்டும் ஒரு டெஸ்ட்டும் எடுக்கல, கேட்டா "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு"ங்கறார். இப்ப லேப்ராஸ்கோப்பி பண்ணி பாக்கலாம்னு சொல்றாங்க. பண்ணிக்கவா?

பதில்: அவரோட ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் வேண்டாம்மா. பீரியட்ஸ் சமயத்துல தாங்க முடியாத வலி, சேரும்போது வலின்னு ஏதாவது இருந்தா அது வேற விஷயம், அத டாக்டர்கிட்ட சொல்லி கேளுங்க. அப்படி எதுவும் இல்லன்னா, மயக்க மருந்து குடுத்து வயித்துல துளை போட்டு பாக்கறதுக்கு முன்னாடி, ஒரு டப்பால சாம்பிள் குடுத்தா முடிஞ்சு போற டெஸ்ட்ட ஏன் இன்னும் எடுக்கல? உங்க லெட்டர படிச்சிட்டு எனக்கு கோபமே வந்துருச்சு. உங்க மேல இல்ல, ஒன்றரை வருஷமா உங்கள மட்டும் குத்தி குத்தி பாத்துட்டு பக்கத்துல உக்காந்திருந்தவர ஒரு வார்த்தை கேக்காம விட்டாங்களே, அதுக்கு.

குழந்தை தள்ளிப்போற தம்பதிகள்ல ஏறக்குறைய பாதி பேர்கிட்ட ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கு, தனியாவோ பெண் பக்க காரணத்தோட சேர்ந்தோ. அதனால முதல் விசிட்லயே ரெண்டு பேரையும் சேர்த்துதான் பாக்கணும். "நான் நல்லாத்தானே இருக்கேன்"னு அவர் பொய் சொல்லல, அவருக்கு அப்படித்தான் தெரியும். தாம்பத்தியத்துல ஒரு குறையும் இல்லாதவருக்கும் விந்துல ஒரு அணு கூட இல்லாம இருக்கலாம், ஏன்னா வெளிய வர்ற திரவத்துல பெரும்பகுதி விந்துப்பையிலயும் ப்ராஸ்டேட்லயும் சுரக்கறது, அணுக்களோட பங்கு அதுல ரொம்ப கொஞ்சம். மைக்ராஸ்கோப்ல வெச்சு பாத்தாதான் தெரியும்.

அவர்கிட்ட "உங்க மேல குறை இருக்கான்னு பாக்கணும்"னு ஆரம்பிக்காதீங்க. "ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் இருந்தாதான் அடுத்து என்னன்னு டாக்டரால சொல்ல முடியும்"னு சொல்லுங்க, அது உண்மையும் கூட. லேப்ல குடுக்க கூச்சப்படறார்னா பல இடத்துல வீட்டுலயே எடுத்துட்டு வர விடுவாங்க, அவங்க குடுக்கற டப்பாலதான் எடுக்கணும், சாதாரண காண்டம், வழுவழுப்புக்கு போடற ஜெல் எதுவும் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போகணும், வழியில சூடோ குளிரோ படாம உடம்போட ஒட்டி வெச்சுக்கணும். 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருந்துட்டு எடுக்கணும். முதல்ல வர்ற சொட்டுகள் சிந்திருச்சுன்னா மறைக்காம லேப்ல சொல்லிடணும், அதுலதான் அணுக்கள் அதிகம்.

கேள்வி: வயசு 33. விந்து டெஸ்ட் ரிப்போர்ட்ல அணுக்களோட கவுண்ட் 9 மில்லியன், ஓடற அணுக்கள் 25 சதவீதம்னு வந்திருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி கடுமையான காய்ச்சல் வந்துச்சு. ஜிம்ல ஒருத்தர் சொல்லி நாலு மாசமா டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடறேன். மனைவிகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு இனி குழந்தையே பிறக்காதா?

பதில்: தம்பி, அப்படி முடிவு கட்டற ரிப்போர்ட் இல்ல இது. உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட கையேட்டுல குறைந்தபட்ச அளவா சொல்றது ஒரு மில்லிக்கு 16 மில்லியன், ஓட்டம் 42 சதவீதம். இது ஒரு வருஷத்துக்குள்ள அப்பாவானவங்கள எடுத்து பாத்து போட்ட கணக்கு, அவங்கள்லயே 100ல 5 பேருக்கு இதுக்கும் கீழதான் இருந்துச்சு. அதனால கீழ போனா வாய்ப்பு குறையும், இல்லாம போயிடாது.

ஆனா அந்த ஊசி விஷயத்துல கண்டிப்பாத்தான் பேசுவேன். ஆண்மைக்கான ஹார்மோன்தானே, நல்லதுதானேன்னு நினைச்சு போட்டிருப்பீங்க, நடக்கறது நேர் எதிர். வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்துட்டே இருந்தா மூளைல இருக்கற பிட்யூட்டரி சுரப்பி "போதும்"னு விதைக்கு அனுப்பற சிக்னல நிறுத்திடும், அந்த சிக்னல் இல்லாம அணு உற்பத்தியும் படுத்துடும், சிலருக்கு ஜீரோவே ஆயிடும். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வந்துரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல. எப்படி நிறுத்தணும்னு கேக்க யூராலஜிஸ்ட்டையோ, ஆண்களோட இனப்பெருக்க பிரச்னைகள பாக்கற ஆண்ட்ராலஜிஸ்ட்டையோ இந்த வாரமே பாருங்க, ஊசி போட்டத ஒளிக்காதீங்க. விதைப்பை ரத்தக்குழாய்ல வீக்கம், அதான் வெரிகோசீல், இருக்கான்னும் அவங்க கையாலயே பாத்து சொல்லிடுவாங்க.

காய்ச்சலும் காரணமா இருக்கலாம். ஒரு அணு உருவாக சுமார் 74 நாள் ஆகுது, அதுக்கப்புறம் வெளிய வர்ற வழியில இன்னும் கொஞ்ச நாள், அதனால இன்னைக்கு குடுத்த சாம்பிள்ல இருக்கறது ரெண்டு மூணு மாசம் முந்தின உங்க உடம்போட கணக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க. மனைவிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க தம்பி, நீங்க சொல்லாத ஒவ்வொரு மாசமும் அவங்க "என்கிட்டதான் ஏதோ குறை"ன்னு தனியா அழுதுட்டு இருக்கலாம்.

கேள்வி: எனக்கு 35 நாளைக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ், சரியா வந்துரும். 14வது நாள் முக்கியம்னு 12ல இருந்து 16 வரைக்கும் விடாம ட்ரை பண்றோம், எட்டு மாசமா ஒண்ணும் ஆகல. வயசு 31.

பதில்: அந்த 14 வந்து 28 நாள் சுழற்சிக்காரங்களுக்கு. முட்டை வெளிவர்றது அடுத்த பீரியட்ஸ்க்கு ரெண்டு வாரம் முன்னாடி, முன்னாடி பின்னாடி ஆகலாம், உங்க கணக்குல அது 21வது நாள் பக்கம் வரும். எட்டு மாசமா சீக்கிரமே முடிச்சுட்டு, சரியான நாள்ல சும்மா இருந்திருக்கீங்க! விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், முட்டை ஒரு நாள்தான், அதனால முட்டை வர்றதுக்கு முன்னாடியே அணு போய் காத்திருக்கணும். 15ல இருந்து 23 வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தினமும்னு கட்டாயப்படுத்திக்காதீங்க. இப்படி நாலு மாசம் பாத்தும் ஆகலன்னா அப்ப ஒரு வருஷம் முடிஞ்சிருக்கும், ரெண்டு பேருமா டாக்டர பாருங்க. 35 வயசு தாண்டினவங்கன்னா ஆறு மாசத்துக்கு மேல காத்திருக்கவே சொல்ல மாட்டேன். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரைய மட்டும் இப்பவே ஆரம்பிச்சிடுங்க, குழந்தையோட தண்டுவடம் உருவாகறது கர்ப்பம்னு நமக்கு தெரியவர்ற அந்த முதல் சில வாரத்துலயே.