மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் தீர்ப்பை நிறைவேற்ற முடியாதா?

கேள்வி: நான் கொடுத்த கடனை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று சார்பு நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்து மாதங்கள் ஆகின்றன. எதிர்த்தரப்பினர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துள்ளனர். அது முடியும்வரை நான் எதுவும் செய்ய முடியாது என்று அவர்கள் கூறுவது சரியா?

பதில்: சரியன்று. மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நின்றுவிடாது என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 5இல் தெளிவாகக் கூறுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியாகத் தடை உத்தரவு பிறப்பித்தால் மட்டுமே உங்கள் கை கட்டப்படும். ஆகவே, மேல்முறையீட்டுடன் தடை கோரும் இடைமனு தாக்கலாகியுள்ளதா, அதில் உத்தரவு ஏதும் உள்ளதா என்பதை உங்கள் வழக்கறிஞர் மூலம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தடை கேட்டவுடன் கிடைத்துவிடுவதுமில்லை. தடை இல்லாவிட்டால் கணிசமான இழப்பு நேரும் என்பதையும், தாமதமின்றி மனு செய்திருப்பதையும் காட்டுவதோடு, மனுதாரர் பிணையமும் அளிக்க வேண்டும். உங்களுடையது பணத்துக்கான தீர்ப்பாணை என்பதால், மேல்முறையீட்டில் ஆட்சேபிக்கப்படும் தொகையைச் செலுத்தவோ அதற்குப் பிணையம் தரவோ வேண்டும் என்று அதே கட்டளை கூறுகிறது. விதிவிலக்கான சூழல்களில் நீதிமன்றம் இதைத் தளர்த்தக்கூடும். நிபந்தனையின்றித் தடை வழங்கப்படும் நிலை வந்தால், உங்கள் வழக்கறிஞர் அதை வலுவாக எதிர்க்க வேண்டும்.

தடை இல்லையென்றால், தீர்ப்பளித்த சார்பு நீதிமன்றத்திலேயே, தீர்ப்பைச் செயல்படுத்தித் தரக் கோரும் நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்யலாம். காலவரையறைச் சட்டம் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தருகிறது என்பது உண்மைதான். ஆயினும், அந்த நீண்ட அவகாசத்தை நம்பிக் காத்திருப்பவர்கள், கடனாளி சொத்துகளைப் பிறர் பெயருக்கு மாற்றிய பின்னரே விழித்துக்கொள்கிறார்கள் என்பது என் கவலை. சொத்து ஜப்தி செய்யப்பட்டுவிட்டால், ஜப்திக்கு முரணாக அதன் பின் செய்யப்படும் தனிப்பட்ட விற்பனை உங்கள் உரிமையைப் பாதிக்காது என்று சட்டத்தின் பிரிவு 64 காப்பளிக்கிறது.

ஜப்தி செய்த சொத்தை ஏலத்தில் விற்பது மட்டும் வேறு. மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோது அசையாச் சொத்தை விற்க உத்தரவாகியிருந்தால், கடனாளி விண்ணப்பித்தவுடன் பிணையம் முதலிய நிபந்தனைகளுடன் அந்த விற்பனையை நீதிமன்றம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது கட்டளை 41, விதி 6. எனவே சொத்து காக்கப்படும். பணம் உடனே கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வசூலித்த தொகையையும் முழு உரிமையுடன் செலவழித்துவிடாதீர்கள். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால், பெற்றதைத் திருப்பித் தருமாறு பிரிவு 144இன் கீழ் உத்தரவிடப்படலாம், வட்டியும் சேரக்கூடும். இதை முன்னிட்டு, தொகையைப் பெறும் முன் உங்களிடமும் பிணையம் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அண்மையில் வழக்கில் வென்ற மற்ற வாசகர்கள், எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யும் முன்பே கேவியட் மனு (தங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு பிறப்பிக்கக் கூடாது என்று முன்கூட்டியே கோரும் மனு) தாக்கல் செய்வது நல்லது. 90 நாட்களுக்குச் செல்லுபடியாகும் அம்மனு இருந்தால், உங்களுக்கு அறிவிப்புத் தராமல் தடை உத்தரவு பெறுவதற்கான வாய்ப்பு குறையும்.

நிறைவேற்று மனுவில், மேல்முறையீடு செய்யப்பட்டுள்ளதா என்ற விவரத்தைக் குறிப்பிட வேண்டும் என்று கட்டளை 21, விதி 11 கோருகிறது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோதும் நிறைவேற்று மனு வரும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த விவரத்தை மறைக்காமல் எழுதி, இம்மாதமே மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.