ஹாலில் மாட்ட ரொமாண்டிக் கால இயற்கைக் காட்சி ஓவியங்களின் அக்ரிலிக் பிரிண்ட் வாங்கலாமா? மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

தாராளமாக வாங்கலாம், தாங்கும். அக்ரிலிக் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பலகை இளகுவதற்கு நூறு டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும். நம்மூர் சித்திரை வெயில் நாற்பதைத் தாண்டினாலே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். நேர் வெயில் விழுகிற சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பலகை தாங்கினாலும் சாயம் வெளுக்கும்.

சோபாவுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறது, வீட்டில் யாரோ ‘ஏழு குதிரை ஓடுற படம் மாட்டினா நல்லது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அதிலிருந்து தப்பிக்கத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

ரொமாண்டிக் காலம் என்றால் காதல் இல்லை, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியப் பாணி. நான் மாட்டியிருப்பது காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் என்ற ஜெர்மன் ஓவியர் 1818 வாக்கில் வரைந்த ஓவியம். பாறை உச்சியில் ஓர் ஆள் கைத்தடியோடு நமக்கு முதுகைக் காட்டி நிற்பான், கீழே கடல்போலப் பனிமூட்டம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அசல் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஃபிரெட்ரிக் 1840இல் இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் கிடையாது. நல்ல துல்லியமான படக் கோப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மூன்றடி உயரத்துக்கு அச்சடிக்க, நீளவாக்கில் ஐயாயிரம் பிக்சலுக்குக் குறையாமல் பார்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

கோப்போடு ஊருக்குள் ஒரு பிளக்ஸ் கடைக்குப் போனேன். அசல் சுமார் 95க்கு 75 சென்டிமீட்டர். அதே விகிதத்தில் மூன்றடி உயரம் வைத்தால் அகலம் இருபத்தெட்டரை அங்குலம் வரும். கம்ப்யூட்டரில் இருந்த தம்பியோ, “மூணுக்கு ரெண்டுதான் ஸ்டாண்டர்ட் சைஸ்ண்ணே, லேசா அமுக்கி விட்டா உக்காந்துரும்” என்று மவுஸால் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். பாறை மேல் நின்றவன் முருங்கைக்காய் ஆகிவிட்டான். வேண்டாம் என்றதும் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டலாமா என்றார். வெட்டினால் இரண்டு பக்கமும் சரிந்து வந்து அவன் நெஞ்சுக்கு நேரே கூடுகிற அந்த மலைச்சரிவுகளின் ஓரம் போய்விடும். படத்தின் கட்டுமானமே அதில்தான் இருக்கிறது. “பேனருக்கு எல்லாரும் அப்படித்தாண்ணே பண்றாங்க” என்றார். நான் அசையவில்லை. பலகையை அளவுக்கு வெட்டத் தனியாகக் காசு வாங்கினார்கள், கொடுத்தேன்.

பலகை ஐந்து மில்லிமீட்டர் தடிமன். படத்தை இடம்வலம் மாற்றிப் பின்பக்கம் அச்சடித்து, அதன்மேல் வெள்ளை மை ஒரு பூச்சு பூசுகிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் நிறம் கண்ணாடிக்குள் மிதப்பதுபோல இருக்கும். இதில் ஒரு வினை உண்டு. பளபளப்புப் பலகையில் இருட்டான இடமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். இந்த ஆளின் கோட்டு கரும்பச்சை. எதிரே டியூப்லைட் இருந்தால் அவன் முதுகில் டியூப்லைட்தான் தெரியும். அதனால் ஜன்னல் இருக்கிற அதே சுவரில், பக்கவாட்டில் மாட்டினேன். உங்களுக்கு எதிர்ச்சுவர்தான் என்றால் பளபளப்பில்லாத மேட் பலகை கேளுங்கள், அல்லது வெளிச்சமான படமாகப் பாருங்கள். அதே காலத்து ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த டெமரேர் கப்பல் படத்தின் (1839) அஸ்தமன மஞ்சளும் சிவப்பும் அக்ரிலிக்கில் அப்படியே எரியும்.

ஓவியம் படித்தவர்கள் இந்நேரம் முறைத்துக்கொண்டிருப்பார்கள். தெரியும். டர்னர் அந்த வெயிலைத் தடிமனாக அப்பி வைத்ததும், இன்னொரு ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் இலைமேல் வெள்ளைப் பொட்டு வைத்ததும் வழவழப்பான பலகையில் வராது. லண்டன் போய் அசலைப் பார்க்க முடிந்தவர்கள் பார்க்கட்டும், நான் சோபாவுக்கு மேலே மாட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன். கடைக்காரனா என்றும் கேட்க வேண்டாம், நான் விற்பது உரம்.

படத்தைப் பார்த்ததும் அத்தை கேட்டது: “என்ன மருமகனே, வீட்டுக்கு வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறான், இதுதான் மரியாதையா?” மச்சான் தன் பங்குக்கு, யானைமலை பக்கத்திலேயே இருக்க வெள்ளைக்காரன் மலை எதற்கு என்றார். ஒரு காலத்தில் சலூன் முதல் டீக்கடை வரை சுவிட்சர்லாந்து காலண்டர் தொங்கிய ஊர் இது. அப்போது யாரும் கேட்கவில்லையே! நம்ம ஊர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் இந்தப் பக்கம் வந்து, இடிந்து கிடந்த நாயக்கர் அரண்மனையையும் பாபநாசம் அருவியையும் வரைந்திருக்கிறார்கள். மங்கிய பழுப்பும் நீலமுமான அச்சுப்படங்கள், அக்ரிலிக்கை விடக் கேன்வாஸில் அழகாக இருக்கும்.

துடைக்கும்போது ஈரமான மைக்ரோஃபைபர் துணிதான். காய்ந்த பழைய வேட்டியால் தேய்த்தால் கீறல் விழும், ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே அடித்தால் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும்.

வாடகை வீடு என்றால் இன்னும் ஒன்று. நாங்கள் முன்பு இருந்த வீட்டில் சாமி படத்துக்கு அடித்த ஆணிக்கெல்லாம் கணக்குப் போட்டு அட்வான்ஸில் கழித்தார் ஓனர். அதற்கு மேல் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை. நாங்கள் போன பிறகு அவர் வெள்ளையடிக்கவே இல்லை. அதே சுவர், அதே ஆணி ஓட்டை, அடுத்த குடித்தனக்காரரிடம் வாடகை மட்டும் கூட. இதைக் கேட்க இந்த ஊரில் நாதியில்லை. அதனால் நான்கு மூலையிலும் துளை போட்டு எஃகு குமிழ் மாட்டுகிற முறை வேண்டாம். பின்பக்கம் பட்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள், இரண்டு ஸ்குரூ போதும். என் அளவுப் பலகை நாலு கிலோ பக்கம் வரும், பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல் வரை பிளக் இறங்க வேண்டும்.