குடத்தைப் பற்றிக் கேளுங்கள்

அன்புள்ள சார்,

எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலியில் வாரம் ஒருவரைப் பேட்டி எடுக்கிறேன். போன வாரம் வந்தவர் பக்கத்து ஊர் வில்லிசைக் கலைஞர். எழுபது வயதுக்கு மேல். கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடியப் பேசுகிற மனிதர், ஸ்டூடியோவில் "ஆமா", "அப்படித்தான்", "எல்லாம் அவ அருள்" என்பதைத் தாண்டவில்லை. இருபது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். ஆறே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மீதி நேரத்தைப் பாட்டுப் போட்டு நிரப்பினேன். எழுத்தாளர்களைக் கூப்பிட்டால் இதற்கு நேர்மாறு, நிறுத்தவே முடிவதில்லை. நல்ல பேட்டி எடுப்பது எப்படி? யூடியூபில் மூன்று மணி நேரப் பேட்டிகள் கொட்டிக் கிடக்கும்போது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டுமே எட்டுகிற வானொலியில் இதை யார் கேட்கப்போகிறார்கள் என்ற சோர்வும் இருக்கிறது. என் கேள்வித்தாளையும் இணைத்திருக்கிறேன்.

க., கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள க.,

கேள்வித்தாளைப் பார்த்தேன். முதல் கேள்வி, "இத்துறைக்கு எப்படி வந்தீர்கள்?" கடைசிக் கேள்வி, "இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" நடுவே எங்கோ, "வில்லிசையின் இன்றைய நிலை." இந்த மூன்றையும் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், வில்லிசைக்குப் பதில் இலக்கியம் என்று மாற்றி. "எல்லாம் அவ அருள்" என்று சொல்லித் தப்பிக்க எனக்குத்தான் அப்போது தோன்றவில்லை.

என் முதல் வானொலிப் பேட்டியைச் சொல்கிறேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒப்பந்தக் கடிதம் வந்தது. கேள்விகளும் கூடவே வந்தன, பதில்களை எழுதி எடுத்துவரச் சொல்லி. அரசு வானொலி என்றால் நடத்தை விதிகள் உண்டு. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மதத்தைப் பழிக்கக் கூடாது, நீதிமன்றத்தை அவமதிக்கக் கூடாது, நட்பு நாடுகளைக்கூட விமரிசிக்கக் கூடாது. என் கதைகளில் நட்பு நாடு எதுவும் வராது என்றாலும் எழுதித்தான் கொண்டுபோனேன். பேட்டி எடுத்தவர் கேள்வியை வாசித்தார், நான் பதிலை வாசித்தேன். ஒலிபரப்பானபோது வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். "வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மா.

ஆனால் அன்றைக்கு நல்ல பேட்டி ஒன்றும் நடக்கத்தான் செய்தது. சிவப்பு விளக்கு அணைந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது, பதிவு செய்த தொழில்நுட்பக்காரர் பக்கத்தில் வந்து, "உங்க கதையில வர்ற கிணறு இப்பவும் இருக்கா சார்?" என்றார். அரை மணி நேரம் பேசினேன். கிணற்றில் தொடங்கி, அதைத் தூர்த்த தகராறு, என் பெரியப்பா, நான் எழுதவே துணியாத ஒரு சாவு வரைக்கும். இதில் ஒரு வார்த்தைகூட நாடாவில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெரியவரிடம் வில்லிசையின் நிலையைக் கேட்காதீர்கள். வில்லோடு சேர்த்துத் தாளத்துக்கு அடிக்கிற குடத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில் வாங்கினார்? கடையில் எத்தனை குடங்களைத் தட்டிப் பார்த்து இதை எடுத்தார்? குழுவில் யார் அதை அடிப்பது? வில்லை அடிக்கிற வீசுகோலை யார் செய்து தந்தது? வில்லில் மணி ஒன்று விழுந்துவிட்டால் மேடையில் அது அவர் காதுக்குத் தெரியுமா? அப்புறம், உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. கதை உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வந்துவிட்டால், பாட்டை எங்கே நிறுத்துவார், திரும்ப எங்கே பிடிப்பார்? சென்னையிலிருந்து வருகிற நிருபருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. சிறுவயதில் கொடைப் பந்தலில் தூங்கி வழிந்த நீங்கள் அதைக் கேட்கலாம். "ஆமா" என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எழுத்தாளர்களுக்கும் இதே மருந்துதான். எங்களிடம் இலக்கியக் கொள்கையைக் கேட்டால் நிறுத்த மாட்டோம், ஏற்கெனவே நாலு மேடையில் சொல்லிப் பழகியது. கிணற்றைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்போம்.

அந்த யோசிப்பை வெட்டிவிடாதீர்கள். ஒலிநாடாக் காலத்தில் ஸ்பூலில் நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒருவர் இரண்டு விநாடி பேசாமல் இருந்தால், பதினைந்து அங்குல மௌனம் கையில் தொங்கும். அதைப் பிளேடால் நறுக்கி, இரு முனைகளையும் ஒட்டிவிடுவார்கள். தரையில் கிடந்தவற்றில் எத்தனை பதில்கள் பிறக்க இருந்தனவோ. இப்போது உங்கள் கணினித் திரையில் அது தட்டையான ஒரு கோடு, நறுக்குவது இன்னும் சுலபம். முழுவதையும் வைக்கச் சொல்லவில்லை. குடத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் மூச்சு விடுவாரே, அதையாவது விட்டுவையுங்கள்.

சிகாகோவில் ஸ்டட்ஸ் டெர்கல் என்று ஒருவர் இருந்தார். டபிள்யூ.எஃப்.எம்.டி. என்ற உள்ளூர் வானொலியில் 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் பேட்டி எடுத்தவர். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், பாடகி மஹாலியா ஜாக்சன், இளம் பாடகர் பாப் டிலன் என்று வராதவர் குறைவு. பேர் தெரியாத தொழிலாளிகளிடமும் அதே ஆர்வத்தோடு பேசினார். அவருக்கு டேப் ரெக்கார்டரைச் சரியாக இயக்க வராது. வீடு தேடிப் போய் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, பேட்டி கொடுப்பவர்களே உதவிக்கு வந்துவிடுவார்களாம். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். உங்கள் ஸ்டூடியோவில் குளிர்சாதனம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய மூன்று மாணவர்கள், எதிரே காகிதத்தோடு நீங்கள். பெரியவருக்கு அது மேடையா, ஆஸ்பத்திரியா என்று சந்தேகம் வந்திருக்கும். அடுத்த தடவை நீங்கள் அவர் திண்ணைக்குப் போங்கள். கோழி கத்தினால் கத்தட்டும்.

சரி, யார் கேட்பார்கள்? உங்கள் மாவட்டத்துக்காரர் இப்படிக் கேட்பதில் எனக்கு லேசான வருத்தம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கியதே நாகர்கோவிலில்தான். திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு, ஆடுதுறை 27 என்ற நெல்லுக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள், அறுபதுகளில். அந்தக் காலம் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறுகிய எல்லை என்பது நீங்கள் நினைப்பதுபோல் குறை மட்டும் அல்ல. யூடியூபில் உட்காருகிறவர் உலகத்திடம் பேசுகிறார், என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். உங்களுடையதுபோன்ற நூறு வாட் வானொலியில் பேசுகிறவர் அடுத்த தெருவிடம் பேசுகிறார். "அந்த வருசம் கொடையில நான்தான் பாடினேன்" என்று பொய் சொன்னால் மறுநாள் டீக்கடையில் பிடித்துவிடுவார்கள். சமுதாய வானொலி விதியே, பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உள்ளூரில் உருவாக வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்றக் குடம் அடிப்பவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய நிலையங்களில் நாடா விலை அதிகம் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, எத்தனையோ குரல்கள் அழிந்துபோயின. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. வெட்டாத முழுப் பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள், பெயர், ஊர், தேதி போட்டு. 'இன்டர்வியூ ஃபைனல் 2' என்று சேமித்தால் நாளைக்கு உங்களுக்கே கிடைக்காது.

மறுபடி போகும்போது அந்த ஆறு நிமிடத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், சிரித்தால் கூடவே சிரியுங்கள். ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊரில் நாலு பேரிடம் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.