41 வயதில் பத்தாவது எழுதலாமா?

கேள்வி: ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன், வயது 41. இனி படித்துப் பயன் உண்டா? பத்தாவது, பன்னிரண்டாவது எழுதாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்கிறார்களே?

தாராளமாகப் படியுங்கள். ஆனால் அந்தக் குறுக்குவழி மட்டும் வேண்டாம். பள்ளித் தேர்வுகள் இல்லாமல் வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. 10+2+3 என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். சட்டம் படிக்கப் போனாலும் இதே கதைதான்.

நான் சேலம் சிவதாபுரம் பக்கம். கொலுசுப் பட்டறையில் சலங்கை கோர்ப்பேன், பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதுவேன். மெஷின் கொலுசு வந்தபின் கைவேலைக்குக் கூலி கட்டவில்லை. மகள் பத்தாவது முடித்ததும் அவள் புத்தகங்களையே எடுத்துவைத்துத் தனித்தேர்வராக எழுதினேன்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. முதல்முறை எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். தேர்வு விண்ணப்பமெல்லாம் அதற்கு அப்புறம்தான். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. ஒரு பாடத்தில் போய்விட்டால் துணைத்தேர்வில் அதை மட்டும் எழுதிக்கொள்ளலாம், பயப்படாதீர்கள்.

செய்முறையில் ஒரு சோதனை: உப்பைத் தண்ணீரில் கரைத்து, குழாய் சூடாகிறதா குளிர்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஊதுகுழலோடு கிடந்து காய்த்துப்போன என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையனிடம் "தம்பி, நீ கொஞ்சம் தொட்டுச் சொல்லேன்" என்றேன். மற்றபடி உலோகக் கலவைப் பாடம் எனக்குப் பழகிய சங்கதி. டச்சு, அதாவது வெள்ளி எத்தனை சதவீதம் சுத்தம் என்று கணக்குப் போடுகிறவளுக்கு விழுக்காடும் புதிதில்லை. ஆங்கிலம்தான் உயிரை எடுத்தது. கட்டுரைகளை உருப்போட்டே கரை சேர்ந்தேன்.

பத்தாவது கையில் வந்ததும் அரசு ஐடிஐயில் கம்ப்யூட்டர் பிரிவு, ஒரு வருடம். அங்கே பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது; ஆண்கள் 40 வரை. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். அதை வைத்துக் குடும்பம் நடக்குமா? நடக்காது. ராத்திரியில் வீட்டிலேயே கொக்கி மாட்டிக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது சில பட்டறைகளுக்கு பில் போட்டு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். நகைக்கு 3 சதவீதம், கூலிக்கு 5. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆள் கிடைத்தால் பட்டறைக்காரர்கள் விடுவதில்லை.

நீங்கள் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. ஆணாக இருந்தால் ஐடிஐ வயது தாண்டிவிட்டது. பத்தாவதை முடித்துவிட்டுப் பன்னிரண்டாவதையும் தனித்தேர்வராகவே எழுதப் பாருங்கள். எதுவானாலும் முதலில் பழைய பள்ளிக்குப் போய் டிசி கேளுங்கள். அத்தனை வருடத்துப் பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கு நாளாகும்.