கட்டில் கம்பியில் நல்ல பாக்டீரியா: வாசகர் கேள்விகள்

வார்டின் கட்டில் கம்பிகளைப் புரோபயாட்டிக் திரவத்தால் (நல்ல பாக்டீரியா கலந்த கிளீனர்) துடைத்த மறுநாளே ஸ்வாப் (கிருமியைச் சோதிக்கப் பஞ்சால் ஒற்றி எடுக்கும் மாதிரி) எடுத்தோம். கிருமி குறையவே இல்லையே?

ஒரே நாளில் எப்படிக் குறையும்? அதில் இருப்பவை பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் வித்துகள், அதாவது உறைக்குள் தூங்கும் பாக்டீரியா. அவை முளைத்து, இடத்தையும் சத்தையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் கெட்ட கிருமிகள் ஒதுங்கும். தினமும் துடையுங்கள், சில வாரம் கழித்து ஸ்வாப் எடுங்கள்.

கூடுதல் பாதுகாப்புக்கு அதே பக்கெட்டில் கொஞ்சம் ஹைப்போகுளோரைட் (பிளீச்) ஊற்றலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதியும் மாதாமாதம் இதே கடிதம் வருகிறது. குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய உயிரை நீங்களே கொல்கிறீர்கள். ஒரு வார்டில் "இந்தப் பொருள் வேலை செய்யவில்லை" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பக்கெட்டைக் குனிந்து மோந்து பார்த்தேன்; பிளீச் வாடை மூக்கில் ஏறியது. இரவு ஷிஃப்டில் பிளீச் கலந்த அதே பக்கெட், அதே மாப், இரண்டையும் அலசக்கூட இல்லை. துடைக்கும் அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள். தனிப் பக்கெட், தனி மாப் கொடுத்து, காரணத்தையும் சொல்லுங்கள். இன்னொன்று: எந்தக் கிளீனரையும் பிளீச்சோடு கலக்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா?

யார் சொன்னது? ரத்தம் சிந்திய இடத்துக்கும், சி. டிஃபிசில் (கடும் வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா) நோயாளி இருந்த அறைக்கும் குளோரின்தான். சி. டிஃபிசிலும் வித்தாக மாறும்; ஆல்கஹால் அந்த வித்தைக் கொல்லாது.

நோயாளிகளின் தொற்று உண்மையிலேயே குறையுமா?

இத்தாலிய மருத்துவமனைகள் சிலவற்றில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தொற்று நூற்றுக்கு 5 பேரிலிருந்து 2 சொச்சமாக இறங்கியது. ஆனால் அது புரோபயாட்டிக்குக்கு மாறுவதற்கு முன், பின் என்ற ஒப்பீடு. அந்த இடைவெளியில் வேறு என்னென்னவோ மாறியிருக்கலாம். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஐசியு அல்லாத 18 வார்டுகளில் சோப்பு, கிருமிநாசினி, புரோபயாட்டிக் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவில், தொற்று எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வின் மேல்தான் நம்பிக்கை அதிகம். சாதாரண வார்டுத் தரைக்குத் தினமும் கிருமிநாசினி அவசியமா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. மேற்பரப்பில் கிருமி குறைவது வேறு, நோயாளிக்குத் தொற்று குறைவது வேறு. விற்க வருபவரிடம் இரண்டில் எதைக் காட்டுகிறார் என்று கேளுங்கள்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு ஆபத்து இல்லையா?

இந்தத் திரவத்தில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற வகை பொதுவாகச் சாது. ஆனாலும் புற்றுநோய் வார்டிலும் ஐசியுவிலும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

புரோபயாட்டிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே செய்யலாமா?

வேண்டாம். அது வயிற்றுக்குச் செய்தது. மேசையில் மாவுதான் படியும்.

இதற்குப் பிறகு கை கழுவுவதைக் குறைக்கலாமா?

கூடாது. கம்பியைத் தொட்ட கைதான் அடுத்த நோயாளியைத் தொடுகிறது.